ஊமையறை

“சேம்பர் கதவைத் திறந்து வெச்சு டெஸ்ட் பண்ணணும் சார்.”

தமயந்தி இதைச் சொன்னதும் அவளோடு வேலை பார்க்கும் சாதிக் வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டான். மேலதிகாரி நஞ்சப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். காதில் விழுந்தது பிடிக்காவிட்டால் கண்ணாடியைத் துடைக்கிற மனுஷன் அவர்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளை உட்கார வைத்து அவர் சொன்ன விஷயம் இது. “லீவு கேளு அம்மிணி. கேன்டீன்ல பருப்புல தண்ணி சாஸ்தின்னு சண்டை போடு. டெஸ்ட் ஓடறப்போ கதவைத் திறக்கச் சொல்லி மட்டும் ஒருக்காலும் கேட்டுறாத. ஆபரேசன் நடக்கறப்போ, காத்து வரட்டும் ஜன்னலைத் தொறன்னு சொல்றாப்பல அது.”

நீலாம்பூர் பைபாஸை ஒட்டிய அந்தச் சோதனைக்கூடத்தின் பிழைப்பே அந்தக் கதவில்தான் இருந்தது. கம்பியில்லாமல் பேசுகிற எந்தச் சாமானும், அது வாசல் மணியோ காது மெஷினோ, கடைக்குப் போகுமுன் இப்படி ஒரு கூடத்தில் தேற வேண்டும். தனக்கு ஒதுக்கிய அலைவரிசையில்தான் பேசுகிறதா, பக்கத்து வரிசைக்குள் மூக்கை நுழைத்து இன்னொன்றின் காரியத்தைக் கெடுக்கிறதா என்று அளந்து சான்று தருவார்கள். அளப்பதற்கென்று ஓர் இரும்பு அறை. சுவர், கூரை எங்கும் முழ நீளக் கருப்புக் கூம்புகள். வெளியுலகத்தின் முணுமுணுப்புகூட உள்ளே வராது. ஊழியர்கள் அதை ஊமையறை என்பார்கள். விருந்தாளி வந்தால் நஞ்சப்பன் அதைக் கர்ப்பக்கிருகம் மாதிரி காட்டுவார். செருப்பைக் கழற்ற வேண்டும். போன், வாட்ச், கையில் கட்டியது எல்லாவற்றையும் வாசலிலுள்ள இரும்புப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுத்தான் அந்தப் பக்கம் நடமாட வேண்டும். பெட்டிக்குச் சாதிக் வைத்த பெயர் உண்டியல்.

இவ்வளவு பக்தியோடு காப்பாற்றிய அறைக்குள் அன்று மேசைமேல் வீற்றிருந்தது, கைத்துணை இரண்டாம் பதிப்பு.

கைத்துணை என்பது கம்பெனி வைத்த பெயர். மில்லில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அது பட்டை. மணிக்கட்டில் மாட்டிவிட்டால் நாடித்துடிப்பு, களைப்பு, தூக்கம், எங்கே நின்றாள், யாரோடு நின்றாள், கக்கூஸில் எவ்வளவு நேரம் இருந்தாள் எல்லாம் சூப்பர்வைசரின் திரையில் ஓடும். ‘தொழிலாளர் நலனுக்காக’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். கக்கூஸ் நேரத்தை எண்ணுவதில் எந்தத் தொழிலாளிக்கு என்ன நலன் என்று அச்சடிக்க மட்டும் இடம் போதவில்லை போலிருக்கிறது. முதல் பதிப்பு ஏற்கெனவே சோமனூர்ப் பக்கம் ஒரு மில்லில் நானூறு பெண்களின் கையில் இருந்தது. இன்று சான்று கிடைத்தால் இரண்டாவது, அவிநாசியிலிருந்து பல்லடம் வரை ஒரு மில் விடாமல் ஏறிவிடும். சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவள் தமயந்தி. முதல் பதிப்புக்கும் அவள்தான் போட்டிருந்தாள்.

அந்த நானூறு பேரில் ஒருத்தி ருக்மணி, தமயந்தியின் அம்மா. அவள் இதயத்துக்குள் நெல்மணி அளவில் இரண்டு பேஸ்மேக்கர்கள் இருந்தன.

“எதுக்குங்க திறக்கணும்?” என்றார் நஞ்சப்பன். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும்.

“உள்ள அது பொட்டாட்ட, சத்தமில்லாம இருக்குது சார். வெளியில அப்படி இல்ல.”

“அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?”

“எங்கம்மா ரெண்டு தடவ விழுந்துட்டாங்க.”

“காலையில சாப்பிடாமப் போயிருப்பாங்க.”

மில் மேனேஜரும் இதையேதான் சொல்லியிருந்தார். மேனேஜருக்கு வேறு வேலை, நஞ்சப்பனுக்கு வேறு படிப்பு, ஆனால் உழைக்கிறவள் ஒருத்தி சுருண்டு விழுந்தால் இரண்டு பேருக்கும் முதலில் சந்தேகம் வருவது அவள் வயிற்றின் மேல்தான். டை கட்டியவன் செய்து கொடுத்த சாமான்மேல் வருவதில்லை.

“வயிறு நெறையச் சாப்பிட்டுத்தான் போனாங்க. ரெண்டு தடவையும் ஷிப்ட் மார்ற நேரம், கேட்டுக்கிட்ட. போற கூட்டமும் வர்ற கூட்டமும் ஒண்ணா நிக்கற எடம். அந்த எடத்தத் தவிர வேற எங்கயும் விழலை. டாக்டரு பேஸ்மேக்கரப் பார்த்துட்டு அட்சரம் பெசகாம ஓடுதுன்னுட்டாரு.”

“கூட்டத்துல புழுக்கம் இருக்கும்.”

“சார், கல்யாண மண்டபத்துல பந்தி நடக்கறப்போ பார்த்திருக்கீங்கல்ல? பக்கத்துல இருக்கறவன் சத்தமாப் பேசறான்னு நாம சத்தத்தைக் கூட்டுவோம். நாம கூட்டறோம்னு அவன் கூட்டுவான். கடைசியில மண்டபமே கத்தும். யாரைக் கேட்டாலும் நான் சாதாரணமாத்தான் பேசுனேம்பான். பட்டைக்குச் சொல்லிக் குடுத்திருக்கறது ஒண்ணே ஒண்ணு. சூப்பர்வைசர் திரையை விட்டு ஒரு கணம்கூட மறையக் கூடாது. தனியா இருந்தா முணுமுணுத்தாப் போதும். நானூறு சேர்ந்தா கத்தும். கத்தியும் பத்தலன்னா பக்கத்து வரிசைக்குள்ள பூந்துக்கும்.”

“பக்கத்து வரிசை யாருது?” என்று சாதிக் கேட்டான். அவனுக்குத் தெரியாததில்லை.

“பேஸ்மேக்கருது.”

சாதிக் டீயை மறுபடி எடுக்கவில்லை.

“கத்தற கூட்டத்துல ஒருத்தன மட்டும் தனியாக் கூட்டிட்டு வந்து, சத்தமே இல்லாத ரூம்ல உக்கார வெச்சு, இவன் ரொம்ப சாதுன்னு சான்று குடுத்துட்டு இருக்கறோம் சார் நாம.”

நஞ்சப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஒரு நேரத்துக்கு ஒரு சாமான், மூடின அறைன்னு விதி சொல்லுதுங்க. விதி எழுதினவங்க எல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க.”

“அவங்க மில்லுக்குப் போனதில்லைங்க சார்.”

“நீங்க போயிருக்கீங்களாக்கும்?”

“காலேஜ் சேர்ற வரைக்கும் லீவு விட்டா அங்கதான் சார் வேலை.”

அவருக்கு இது தெரிந்த விஷயம்தான். வெளியூர்க் கூட்டங்களில் அவளை எழுப்பி நிறுத்தி, “இந்தப் பொண்ணு குடும்பத்துலயே மொதப் பட்டதாரி, நம்ம கூடம்தான் வாய்ப்புக் குடுத்துச்சு” என்று கைதட்டல் வாங்கியவர் அவர். வாங்கிய கைதட்டலை அவர் வைத்துக்கொண்டார். அவளுக்குக் கிடைத்தது, வேறு யாரும் தொடாத வேலை. மாதாமாதம் ஊமையறைக்குள் தவழ்ந்து போய், கூம்புகளின் நடுவே ஆன்டெனாவைப் பிடித்து, அறை சோதனைக்குத் தகுதியாக இருக்கிறதா என்று பார்த்துக் கைநாட்டு வைக்க வேண்டும். தூசு தொண்டையைப் பிடிக்கும், கை காலெல்லாம் அரிக்கும். “கிராமத்துப் புள்ள, வேலைக்கு அஞ்ச மாட்டா” என்று சொல்லித்தான் அதை அவள் தலையில் கட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து சுதர்சன் வந்து சேர்ந்தான். பட்டைக் கம்பெனியின் ஆள், சென்னை. ஷூவைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். சட்டை ஒரு நாட்டையே விலைபேசுகிற மாதிரி இருந்தாலும் இடது சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. கையிலிருந்த பட்டையையும் போனையும் உண்டியலில் போட்டபடியே, “என்ன சார், சர்டிஃபிகேட் சுடச்சுட இருக்கா?” என்றான்.

நஞ்சப்பன் சிரித்து மழுப்பினார். மழுப்பியது போதாமல், ஏதோ சின்னப்பிள்ளை பொம்மை கேட்டு அடம்பிடிக்கிற தோரணையில், தமயந்தி கேட்டதையும் சொல்லிவிட்டார்.

“கதவைத் திறந்தா?” சுதர்சன் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தான். “மேடம் ஆசைப்பட்டா திறந்து காட்டுங்களேன் சார். எங்க ப்ராடக்ட் மேல எனக்கு ஒரு பயமும் கிடையாது. ஆனா இது சும்மா வேடிக்கைக்கு. அஃபிஷியல் இல்ல.”

“அளக்கற கருவி தானாப் பதிஞ்சுக்கும்,” என்றாள் தமயந்தி. “நெனச்சாலும் நிறுத்த முடியாது.”

“பதியட்டுமே. விதியிலயே இல்லாத டெஸ்ட்டை யாரு பார்க்கப் போறா?”

அவள் தலையசைத்துவிட்டு ஜாடியைக் கொண்டுவந்தாள். உடம்பின் உப்பளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீர். உள்ளே நூலில் தொங்கும் இரண்டு நெல்மணிகள், அம்மாவின் இதயத்துக்குள் இருக்கும் அதே வகை. வேறொரு கம்பெனி சோதனைக்குத் தந்தது. மணிகள் ஒவ்வொரு முறை துடிப்புக் கொடுக்கும்போதும் ஜாடியின் மூடியில் ஒரு பச்சை விளக்கு மின்னும். ஜாடியைப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கேமராத் திரையில் பச்சை விளக்கு நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது.

“சாதுவா இருக்கு பாருங்க,” என்றான் சுதர்சன்.

தமயந்தி கதவைத் திறந்தாள். இரும்புக் கீல் முனகியது. சோதனை ஓடும்போது அந்தக் கதவு திறந்து யாரும் பார்த்ததில்லை. நஞ்சப்பன் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார், யாரோ உடை மாற்றுகிற அறைக்குள் நுழைந்துவிட்டவர்போல.

ஒன்றும் நடக்கவில்லை. பச்சை விளக்கு மின்னியது.

சுதர்சன் கைதட்டினான். “சூப்பர் மேடம். காத்தாட இருந்துச்சு.”

“இன்னும் முடியலைங்க,” என்று சொல்லி, அவள் உண்டியலைக் குனிந்து இழுத்தாள். தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது அது. நிலைப்படியில் நிறுத்தி மூடியைத் திறந்தாள். உள்ளே கூடத்து ஊழியர்கள் எல்லாருடைய பட்டைகளும் கிடந்தன. தீபாவளிக்குப் பட்டைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தவை. நஞ்சப்பனுடையது தங்க முலாம் பூசியது.

மூடி திறந்ததும் பட்டைகள் ஒன்றையொன்று கேட்க ஆரம்பித்தன. அளவைத் திரையில் ஒற்றை முள்ளாக நின்ற கோடு முள்வேலியாகிப் பக்கத்து வரிசைக்குள் சாய்ந்தது. மேசையிலிருந்த பட்டையும் சேர்ந்துகொண்டது. பச்சை விளக்கு ஒரு தரம் மின்னியது. தயங்கியது. இன்னொரு தரம் மின்னியது. அப்புறம் மின்னவே இல்லை.

விளக்கு இருண்டே கிடந்தது. சாதிக்தான் பாய்ந்து போய் உண்டியல் மூடியைச் சாத்தினான். விளக்கு திரும்ப மின்னியது.

“என்ன ஆச்சு அதுக்கு?” அவன் குரல் அடங்கிப்போயிருந்தது.

“மேல இருக்கற மணி சொல்றதக் கேட்டுத்தான் கீழ இருக்கறது துடிக்கும். இந்தக் கூச்சல் காதுல விழுந்ததும், ஓகோ இதயம் தானாவே துடிக்குதாட்டம்னு நெனச்சுட்டு சும்மா இருந்துக்குது. அது சும்மா இருந்தா எங்கம்மா விழறாங்க. விழுந்தவங்களத் தூக்கலாம்னு சுத்தி ஓடி வர்றாங்கல்ல, அத்தன பேர் கையிலயும் பட்டை.”

சாதிக் உண்டியல் மூடிமேல் வைத்த கையை எடுக்காமலே இருந்தான்.

சுதர்சன் போனைத் தேடிப் பாக்கெட்டைத் தடவினான். போன் உண்டியலுக்குள் இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டான். “இன்ட்ரஸ்டிங்,” என்றான் கடைசியில். “ஆனா இது பேஸ்மேக்கர்காரன் பிரச்சினை சார். அவன் மெஷினுக்குக் காது சரியில்ல. எங்களுது சூழ்நிலைக்குத் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்குது, அதுக்காகத்தான் அவார்டே குடுத்தாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விதிப்படி, மூடின அறையில, தேறிச்சா இல்லையா?”

நஞ்சப்பன் அவளைப் பார்த்தார். பச்சை விளக்கு அணைந்திருந்தபோது அவர் முகத்தில் என்னமோ ஒன்று வந்திருந்தது. இப்போது அது போய்விட்டது. “தேறிருச்சுங்க,” என்றார்.

“அப்ப கையெழுத்து?”

“போடுவாங்க.” அவள் பக்கம் திரும்பினார். “அம்மிணி, மூணாம் பதிப்புல சரி பண்ணிக்கச் சொல்லலாம். நானே லெட்டர் போடறேன். இப்ப நீ மாட்டேன்னா என்ன ஆகப்போகுது? சாதிக்குக்கு அந்த அதிகாரத்தை வாங்கிக் குடுத்தா அவன் போடுவான். பட்டை போற எடத்துக்குப் போகத்தான் போகுது. உன்ற பேருதான் கெடும்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

சாதிக் அவளைத் தண்ணீர் கேன் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். “ஏய், போட்டுத் தொலை. எனக்குப் பொண்ணு பொறந்து நாப்பது நாள் கூட ஆகல. இங்க ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க போவேன்? உங்கம்மாவை நாளையிலருந்து வேலைக்கு நிறுத்திக்க. உன் சம்பளத்துல அவங்களுக்குச் சோறு போட முடியாதா?”

“முடியும்.”

“பின்ன?”

“அந்த மில்லுல இன்னும் எத்தன பேருக்கு நெஞ்சுக்குள்ள மணி இருக்குது?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“எனக்கும் தெரியாது. சொன்னா வேலையை விட்டு நிறுத்திருவாங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எங்கம்மாவே சொன்னதில்ல. விழுந்தாத்தான் தெரியும்.”

சாதிக் கெட்டவன் இல்லை. அவனைப் போலக் கெட்டவர்களாக இல்லாதவர்களை வைத்துத்தான் அந்தக் கூடம் நடந்துகொண்டிருந்தது.

தமயந்தி தன் மேசைக்குப் போனாள். தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. காலையிலேயே எல்லாம் அடித்து வைத்திருந்தாள். குறையாக நின்றது ஓர் அளவைப் பதிவு மட்டும்தான், அதைச் சுதர்சனின் புண்ணியத்தில் கருவி இப்போது சேர்த்துக்கொண்டுவிட்டது. கட்டைவிரலை அழுத்தினாள். கூடத்தின் தலைக்குமேல் இருக்கும் ஆணையத்துக்கு அது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகத் திரை ஒரு தரம் சிணுங்கியது.

“போட்டாச்சு சார்.”

“அதுதான் நல்ல புள்ளைக்கு அழகு,” என்றார் நஞ்சப்பன். சுதர்சன் கட்டிய கையைப் பிரித்தான்.

அவள் உண்டியலைத் திறந்து தன் போனை மட்டும் எடுத்தாள். தன் பட்டையை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஊமையறையின் பூட்டு தானாக விழும் சத்தம் கேட்டது. கனமான, ஈரக்களிமண் விழுந்த மாதிரிச் சத்தம். திரையைப் பார்த்துவிட்டு சாதிக்தான் வாசித்தான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக.

“சோதனை அறை... தகுதியற்றது.”

நஞ்சப்பனுக்குக் கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. “அறையா? பட்டைக்குப் போடச் சொன்னா அறைக்கு என்னத்தப் போட்ட?”

“பட்டை தேறிருச்சுங்க சார், நீங்களே சொன்னீங்க. தேறாதது அறை. ஒரே சாமான் கதவு மூடினா ஒரு மாதிரி, திறந்தா ஒரு மாதிரி நடந்துச்சுன்னா அறை தகுதியில்லன்னு உங்க விதியிலதான் இருக்குது.”

“அது துருப்பிடிச்ச கதவுக்கு எழுதினது!”

“இருக்கட்டுங்க.”

“என்னைக் கேக்காம அதைச் சொல்ல உனக்கு எவன் குடுத்தான் அதிகாரம்?”

“நீங்கதாங்க குடுத்தீங்க. தூசு துடைக்கற வேலையோட சேர்த்து.”

சுதர்சன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “சார், இதுக்கு என்ன அர்த்தம்? ஃபர்ஸ்ட் வெர்ஷன் சேஃப்தானே?”

நஞ்சப்பனுக்கு அர்த்தம் தெரியும். அறை விழுந்தால் அந்த அறையிலிருந்து வெளிவந்த சான்றுகள் அத்தனையும் நிற்கும். முதல் பதிப்பு, வாசல் மணி, காது மெஷின் எல்லாம். விசாரணை முடிகிறவரை நானூறு பெண்களின் கையிலிருந்தும் பட்டை இறங்க வேண்டும். விசாரணை எப்போது முடிந்திருக்கிறது?

“எல்லாத்துலயும் உன்ற கையெழுத்துதான்டி இருக்குது!” மரியாதை முழுசாக இறங்கிவிட்டது. “மொதல்ல போறது உன்ற லைசென்சு. இனி எந்தக் கூடத்துலயும் உன்ன வாசல்ல கூட நிக்க விட மாட்டாங்க, தெரியுமா?”

“தெரியுங்க.”

அவள் சாதிக்கைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனிடம் அவள் என்ன சொல்லியிருந்தாலும் அது குழந்தைக்குப் பால்பவுடர் டப்பாவாக மாறியிருக்காது.

வரவேற்பறையைத் தாண்டும்போது அம்மாவைக் கூப்பிட்டாள். ருக்மணி இரண்டாம் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது.

“ஏங்கண்ணு இந்நேரத்துக்கு? மில் வண்டி வர்ற நேரமாச்சே.”

“வண்டி ஏற வேண்டாம்மா. பட்டையைக் கழட்டிரு.”

“கழட்டுனா ஆப்சென்ட் போட்டுருவாங்க. என்னாத்துக்குக் கழட்டோணும்? அதெல்லாம் நல்ல பட்டைதான். என்ற புள்ள கையெழுத்துப் போட்டு வந்ததுன்னு நான் எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன்.”

“அந்தக் கையெழுத்து இப்ப இல்லம்மா,” என்றாள் தமயந்தி.

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பைபாஸின் இரைச்சலுக்குள் இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை.